சோலையின் கடைசி வயலைக் காயவிடுவது புத்திசாலித்தனமா, வேறு வழியில்லாமையா?

பாலைக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

ஓமானில் நிஸ்வாவைத் தாண்டி மலைப்பக்கம் ஒரு சின்ன ஊரில் எட்டு வருடமாக இருக்கிறேன். கட்டடப் பராமரிப்பு வேலை. விவசாயத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் தங்கியிருக்கும் வீட்டுக்குப் பின்பக்கம் பேரீச்சந்தோப்பு, அதன் நடுவே ஃபலஜ் வாய்க்கால். பார்த்துப் பார்த்து ஆர்வம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஃபலஜ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மலையடிவாரத்தில் ஒரு தாய்க்கிணறு. அதன் அடியிலிருந்து மிக லேசான சரிவில் ஒரு சுரங்க வாய்க்கால் ஊரை நோக்கி வரும், சில இடங்களில் பல கிலோமீட்டர் தூரம். ஊர் நெருங்கும்போது தண்ணீர் தானாகத் தரைக்கு வந்துவிடும். மோட்டார் கிடையாது, டீசல் கிடையாது. ஓமானில் எல்லா வகையும் சேர்த்துச் சுமார் 3,000 ஃபலஜ்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் பல, ஓடையிலிருந்தோ ஊற்றிலிருந்தோ நேராக வருபவை. ஐந்து ஃபலஜ்களை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

முதலில் குடிக்க எடுக்கும் இடம், அப்புறம் பள்ளிவாசல், குளிக்கும் இடம், அதற்குப் பிறகுதான் தோட்டம். தோட்டத்துத் தண்ணீருக்கு நேரக் கணக்கு. ஒரு 'அதர்' என்பது ஏறக்குறைய அரை மணி நேரம். யாருக்கு எத்தனை அதர் என்பது தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் நிர்வகிப்பவருக்கு 'வக்கீல்' என்று பெயர். (முதல் வருடம் 'வக்கீலைப் போய்ப் பார்' என்று சொன்னார்கள். ஏதோ கேஸில் மாட்டிக்கொண்டேன் என்று பயந்துபோனேன்.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துத் தோப்புப் பெரியவருக்கு வயது எழுபதுக்கு மேல். கடைமடையில் அவருக்கு ஒரு வயல் உண்டு. குதிரைமசால் என்ற தீவனப் பயிர் போடுவார், மழை நன்றாக இருந்த வருடத்தில் கோதுமை, வெங்காயம், பூண்டு. இந்த வருடம் எதுவுமே போடவில்லை. கேட்டதற்கு, 'தண்ணீர் இறங்குகிறது, மரத்துக்கு வேண்டும்' என்றார். அவ்வளவுதான், முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

மகனுக்குத்தான் பொறுக்கவில்லை. மஸ்கட்டில் வேலை பார்க்கிறார், வார இறுதியில் வருவார். கிணறு வெட்டி சோலார் பம்பு வைத்தால் வயல் வருடம் முழுக்கப் பச்சையாக இருக்குமே, ஏன் சும்மா போட வேண்டும் என்று அப்பாவோடு வாக்குவாதம். எனக்கு இருவர் பேச்சும் நியாயமாகப் படுகிறது. இங்கே தண்ணீர் சம்பந்தமாக வேலை பார்த்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். என்ன நினைக்கிறீர்கள்?

---

பைப்லைன்

அண்ணா, நான் மகன் கட்சி. சவூதியில் பதினோரு வருடம் பாசனக் குழாய் வேலை. திறந்த வாய்க்காலில் கொண்டுவந்து பாத்தி பாத்தியாக வெள்ளமாகப் பாய்ச்சுவதில் எவ்வளவு வீணாகிறது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். நாற்பத்தைந்து டிகிரி வெயில், காற்று வேறு. குழாய் போட்டு, மரத்துக்கு மரம் சொட்டுநீர் விட்டால், மிச்சமாகும் தண்ணீரில் அந்தக் கடைசி வயலையும் பயிர் செய்யலாம். பழசு என்பதற்காக எல்லாம் நல்லது ஆகிவிடாது.

---

தென்றல்மு

தெற்குத் துனீசியாவில் ஆய்வுக்காக இரண்டு பருவம் தங்கியிருந்தேன், ஓமானுக்கும் ஒருமுறை வந்திருக்கிறேன். பெரியவர் செய்வது அந்த அமைப்போடு கூடவே பிறந்த வழக்கம்.

ஃபலஜ் ஊர்களில் நிலம் இரண்டு வகையாகப் பிரிந்திருக்கும். வாய்க்கால் தோப்புக்குள் நுழையும் பக்கம் பேரீச்சை, எலுமிச்சை, மா மாதிரி மரங்கள். மரம் ஒரு வருடம் காய்ந்தால் போச்சு, மறுபடி காய்ப்புக்கு வர வருடக்கணக்காகும். அதனால் பஞ்ச காலத்திலும் அதற்குத் தண்ணீர் நிச்சயம். கடைமடையில் பருவப் பயிர் நிலம். மழை பெய்து ஃபலஜ் பெருகினால் அந்த நிலம் விரியும், வறண்டால் சுருங்கும். அதாவது கடைசி வயல் என்பது ஊருக்கே ஒரு அதிர்ச்சி தாங்கி மாதிரி. எல்லா வருடமும் அங்கே பயிர் நிற்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்த்ததே கிடையாது.

பம்பு வைத்து அதை நிரந்தரப் பயிர் நிலமாக்கினால், அடுத்த வறட்சியில் சுருக்குவதற்கு இடமே இருக்காது. அப்போது விட்டுக்கொடுக்க மரம்தான் மிச்சம்.

---

உப்புக்கரை

சொட்டுநீர் பற்றிப் பேச்சு வந்துவிட்டது, இனி என்னால் சும்மா இருக்க முடியாது. மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தவன். ஒரு சின்னக் கணக்கு.

பாலைவனச் சோலைகள் பலவற்றில் பாசன நீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு சாதாரணம். ஒரு கனமீட்டருக்கு 2 கிலோ. ஒரு எக்டர் பேரீச்சைக்கு ஆண்டுக்கு 15,000 கனமீட்டர் பாய்ச்சுகிறோம் என்று வையுங்கள். 30 டன் உப்பை வயலில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம், வருடா வருடம். மூன்று லாரி லோடு! செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பைத் தொடாமல் வைத்துவிடும். ஈரப்பதம் மேலே ஏறி ஆவியாகும்போது உப்பு மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்துவிடும்.

இதற்கு ஒரே வழி, தேவைக்கு மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்து வேருக்குக் கீழே தள்ளி, வடிகால் வழியாக வெளியே அனுப்புவது. பைப்லைன் தம்பி 'வீண்' என்று சொன்னாரே, அந்த வெள்ளப்பாசனத்தில் ஒரு பங்கு இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. சொட்டுநீரில் அளந்து அளந்து விட்டால், ஈர வட்டத்தின் விளிம்பில் உப்பு வளையமாகச் சேரும். ஒரு தூறல் போட்டால் போதும், அந்த வளையம் கரைந்து நேராக வேருக்குப் போகும். பேரீச்சை உப்பை நன்றாகத் தாங்கும் என்பது உண்மைதான். அதன் கீழே நிற்கும் மாதுளையும் அவரையும் தாங்காது.

ஓமான் மலைப்பக்கத்து ஃபலஜ் தண்ணீர் பெரும்பாலும் நல்ல தண்ணீர், பாலைக்காற்று அதிர்ஷ்டசாலி. அதே நாட்டில் பாத்தினா கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். பம்பு வந்தபிறகு கண்டபடி இறைத்து, கடல்நீர் உள்ளே ஏறி, தோப்பு தோப்பாக மொட்டை மரம்.

---

பைப்லைன்

சார், உப்பு எனக்கும் தெரியும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வெள்ளமாகப் பாய்ச்சிக் கழுவிவிட்டு, மற்ற நாளில் சொட்டுநீர் விடலாமே? செய்கிறார்கள்.

---

உப்புக்கரை

செய்யலாம், வடிகால் இருந்தால். பெரும்பாலும் குழாய்க்குக் காசு ஒதுக்குவார்கள், வடிகாலுக்கு ஒதுக்க மாட்டார்கள். திறப்பு விழாவில் வடிகாலைப் போட்டோ எடுக்க முடியாதே.

---

சுவர்க்கோழி

இழை போகிற போக்கைப் பார்த்தால் எல்லாரும் பழைய முறைக்குக் கோயில் கட்டிவிடுவீர்கள் போலிருக்கிறது. கொஞ்சம் நிறுத்துங்கள்.

அல்ஜீரியாவின் துவாத், குராரா பகுதிகளில் ஃபலஜ் போன்றே 'ஃபொகாரா' இருக்கிறது. அந்தச் சுரங்கங்களை யார் தோண்டினார்கள்? பெரும்பாலும் அடிமைகளும், ஹராத்தீன் என்று அழைக்கப்பட்ட கறுப்பின உழைப்பாளிகளும். மண் சரிந்து உள்ளேயே செத்தவர்களுக்குக் கணக்கு கிடையாது. தண்ணீர்ப் பங்கு மட்டும் எஜமானருக்கு. வட ஆப்பிரிக்கச் சோலைகளில் 'கம்மாஸ்' என்று ஒரு சொல் உண்டு. ஐந்தில் ஒன்று என்று பொருள். தோப்பில் வருடம் முழுக்க உழைப்பவருக்கு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு, சில இடங்களில் அதைவிடவும் குறைவு.

இன்னொன்று. பல சோலைகளில் தண்ணீர் ஒரு சொத்து, நிலம் வேறொரு சொத்து. நிலம் இல்லாமல் தண்ணீர்ப் பங்கு மட்டும் வைத்துக்கொண்டு வாடகைக்கு விட்டுச் சாப்பிட்டவர்கள் உண்டு. 'சமூக மேலாண்மை' என்று சொல்லும்போது எந்தச் சமூகம், அதில் யாருடைய குரல் என்றும் கேளுங்கள். அடிமை வழக்கம் ஒழிந்து, இளைஞர்கள் எண்ணெய் வயலுக்கும் நகரத்துக்கும் வேலைக்குப் போனதும் ஃபொகாரா தூர்ந்துபோக ஆரம்பித்தது தற்செயல் இல்லை. அந்த வேலையைக் கூலி கொடுத்துச் செய்தால் கட்டுப்படியாகாது.

---

தென்றல்மு

சுவர்க்கோழி சொல்வதில் மறுக்க ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஃபொகாரா முடியும் இடத்தில் கல்லால் செய்த சீப்பு மாதிரி ஒரு பிரிப்பான் இருக்கும். சீப்பின் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு குடும்பத்தின் பங்கு. அளப்பதற்கு ஒருவர், கையில் பல அளவுத் துளைகள் போட்ட செப்புத் தகடு. எத்தனை துளை நிரம்பி வழிகிறது என்று எண்ணி, மனக்கணக்காகவே பங்கைப் பிரித்துச் சொல்வார். 2018-ல் யுனெஸ்கோ இந்த அளவையாளர்களின் அறிவை, அவசரமாகக் காப்பாற்ற வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. சேர்க்கும்போதே ஆட்கள் குறைந்துபோயிருந்தார்கள்.

எஜமானர் அநியாயக்காரராகவே இருக்கட்டும், அவருக்கும் ஒரு உச்சவரம்பு இருந்தது. சுரங்கம் தருவதற்கு மேல் ஒரு சொட்டு அவராலும் எடுக்க முடியாது. நீர்மட்டம் இறங்கினால் எல்லார் பங்கும் ஒரே விகிதத்தில் இறங்கும். பம்பு வந்ததும் அந்த உச்சவரம்பு போய்விட்டது, அநியாயம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. யாரிடம் காசு இருக்கிறதோ அவர் இன்னும் ஆழமாகத் துளைக்கிறார், பக்கத்துக்காரர் கிணறு வற்றுகிறது.

---

பாலைக்காற்று

சுவர்க்கோழியின் பதிவைப் படித்துவிட்டு நேற்று இரவு வேண்டுமென்றே தண்ணீர் முறை பார்க்கப் போனேன். இரண்டரை மணிக்குப் பெரியவரின் முறை தொடங்குகிறது. அந்தக் காலத்தில் பகலில் ஒரு கம்பின் நிழலையும் இரவில் மலை விளிம்பில் எழும் நட்சத்திரத்தையும் வைத்து நேரம் பார்த்தார்களாம். இப்போது செல்போன். வாட்ஸ்அப் குழுவில் யார் முறை எப்போது என்று போட்டுவிடுகிறார்கள்.

தோப்பில் நின்றது பெரியவரும் இல்லை, மகனும் இல்லை. சிட்டகாங்கிலிருந்து வந்த ஒருவர், பன்னிரண்டு வருடமாக இங்கே. நான்கு தோப்புக்கு அவர்தான் தண்ணீர் கட்டுகிறார். கிளை வாய்க்காலின் வாயில் ஒரு தட்டைக்கல், அதைச் சுற்றிப் பழைய துணியைத் திணித்து, மேலே சேறு பூசியிருந்தது. நேரம் வந்ததும் காலால் சேற்றைத் தள்ளி, துணியை உருவி, கல்லைத் தூக்கிப் பெரிய வாய்க்காலின் குறுக்கே வைத்தார். அதே துணியை அங்கே திணித்தார். முழுசாகப் பத்து வினாடிகூட ஆகவில்லை. தண்ணீர் திரும்பி வரும் சத்தம் முதலில் கேட்டது, டார்ச் வெளிச்சத்தில் அப்புறம்தான் தெரிந்தது. ஒவ்வொரு மரத்தடிப் பாத்தியிலும் கணுக்கால் அளவு ஏறியதும் மண்வெட்டியால் ஒரு வெட்டு, அடுத்த பாத்தி. கடைமடை வயலுக்குப் போகும் மடையை மட்டும் தொடவில்லை.

இந்தத் தண்ணீரில் அவருக்குப் பங்கு உண்டா என்று கேட்டேன். சிரித்தார். 'சம்பளம் உண்டு' என்றார். ஆக, சுவர்க்கோழி கேட்ட கேள்வி இங்கேயும் பொருந்துகிறது.

ஏலத்தையும் சொல்ல வேண்டும். சில அதர்கள் யாருக்கும் சொந்தமில்லை, ஃபலஜுக்கே சொந்தம். அவற்றை ஏலம் விட்டு, வரும் பணத்தில் சுரங்கத்தைத் தூர்வாருகிறார்கள். தண்ணீர் குறையக் குறைய ஏலத்தில் போட்டி கூடுகிறது. தூர்வார வேண்டிய நேரத்தில்தான் பணமும் வருகிறது. யார் யோசித்தார்களோ!

---

கணக்குப்பிள்ளை

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு ஊர் அளவில் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் பெரிய பேரேட்டைத் திறக்கிறேன்.

அல்ஜீரியா, துனீசியா, லிபியா மூன்றுக்கும் அடியில் வடமேற்கு சஹாரா நிலத்தடி நீரடுக்கு இருக்கிறது. பரப்பு 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். 1970-ல் அதிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 60 கோடி கனமீட்டர் எடுத்தார்கள். 2000-ல் சுமார் 250 கோடி. இயற்கையாகத் திரும்ப நிரம்புவது சுமார் 100 கோடி. சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு செலவு, மிச்சம் முழுக்கப் பூர்வீகச் சொத்திலிருந்து. அந்தச் சொத்தும் சஹாரா ஈரமாக இருந்த காலத்தில், பல ஆயிரம் வருடத்துக்கு முன் சேர்ந்தது.

இதே ஆட்டத்தைச் சவூதி கோதுமையில் ஆடியது. 1980-களில் மானியம் கொடுத்து, ஆழ்துளைக் கிணறும் சுழல் தெளிப்பானும் வைத்து, 1990-களின் தொடக்கத்தில் உலகத்தின் பெரிய கோதுமை ஏற்றுமதியாளர்களில் ஒருவராக ஆனது. 2008-ல் போதும் என்று முடிவெடுத்து, 2016-ல் உள்நாட்டுக் கொள்முதலை நிறுத்தினார்கள். நடுவில் என்ன ஆனது என்று பைப்லைனுக்கே தெரியும்.

---

பைப்லைன்

தெரியும், தெரியும். கோதுமை போன இடத்தில் குதிரைமசால் வந்து உட்கார்ந்தது. பால் பண்ணைத் தீவனம். கோதுமை குளிர்காலத்தில் மட்டும் குடிக்கும், குதிரைமசால் பன்னிரண்டு மாதமும் குடிக்கும். அப்புறம் அதற்கும் தடை போட வேண்டியதாயிற்று.

ஒரு பண்ணையில் நானே பொருத்திய சுழல் தெளிப்பானைக் கடைசியில் நானே கழற்றினேன். முதல் வருடம் மோட்டாரை இறக்கிய ஆழத்துக்கு அடுத்தடுத்து மூன்று முறை குழாய் சேர்த்தோம். கடைசித் தடவை மேலே வந்தது தண்ணீரும் மணலும் பாதிப் பாதி. முதலாளி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார். ஆனாலும் அது பெரிய பண்ணை. பெரியவர் மகன் கேட்பது ஒரே ஒரு சின்ன சோலார் பம்பு!

---

தென்றல்மு

அந்த 'ஒரே ஒரு சின்ன' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டீசல் பம்புக்காரர் ஒவ்வொரு மணி நேரமும் காசு எரிவதைப் பார்க்கிறார், அதனால் நிறுத்துகிறார். சோலாரில் பலகை வாங்கியபிறகு சூரியன் இருக்கும்வரை இறைப்பு இலவசம். நிறுத்த ஒரு காரணமும் இல்லை. மொராக்கோவில் சாகோரா பக்கம் போனால் இது கண்கூடு. சொட்டுநீருக்கு 80 முதல் 100 சதவீதம் வரை மானியம் கிடைத்தது. சொட்டுநீரால் மிச்சமான தண்ணீர் நிலத்தடிக்குத் திரும்பவில்லை. சோலைக்கு வெளியே, இதுவரை யாரும் உழாத நிலத்தில் தர்பூசணியாக முளைத்தது. 2017-ல் சாகோரா மக்கள் குடிதண்ணீர் கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். லாரி லாரியாகத் தர்பூசணி வெளியே போய்க்கொண்டிருந்த ஊர் அது.

---

வெட்டுக்கிளி77

கேள்வி: பாலைவனத்தில் தண்ணீர் அதிகமாகிப் பயிர் சாகுமா? எங்கோ படித்தேன், நம்ப முடியவில்லை.

---

தென்றல்மு

சாகும். அல்ஜீரியாவின் எல் வேத். அங்கே பழைய தோப்புகளில் பாசனமே கிடையாது. மணல்மேட்டுக்கு நடுவே, பெரிய கிண்ணம் மாதிரி பத்து மீட்டர் ஆழத்துக்குக் கூடப் பள்ளம் தோண்டி, அடியில் பேரீச்சை நடுவார்கள். வேர் நேராக நிலத்தடி நீரைத் தொட்டுக்கொள்ளும். 'கூத்' என்று பெயர். மரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவதற்குப் பதில் மரத்தைத் தண்ணீரிடம் இறக்கிவிட்டார்கள். தினசரி வேலை, காற்று கொண்டுவந்து கொட்டும் மணலைக் கூடையில் சுமந்து மேலே கொட்டுவது. பள்ளத்தின் விளிம்பில் பேரீச்சை மட்டையால் வேலி.

ஊர் நகரமானது. குடிநீருக்காக மிக ஆழத்து நீரடுக்கைத் துளைத்து மேலே கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வீடு குழாய் வந்தது, கழிவுநீர் வெளியேற வழி வரவில்லை. எல்லாம் வீட்டுக் குழியில் இறங்கி, மேலடுக்கு நிலத்தடி நீரில் சேர்ந்தது. 1980-களிலிருந்து நீர்மட்டம் ஏற ஏற, கூத்தின் அடியில் சாக்கடைக் குளம். வேர் அழுகி மரங்கள் நின்ற இடத்திலேயே செத்தன, சில பள்ளங்களில் நாணல் முளைத்தது. கொசு வேறு. பாதுகாப்புக்காகச் சில கூத்துகளை மண் போட்டு மூட வேண்டியிருந்தது. பிற்பாடுதான் கழிவுநீர்க் குழாய் அமைப்பு வந்தது. 2011-ல் உலக உணவு வேளாண்மை அமைப்பு கூத்தை முக்கிய வேளாண் மரபாக அங்கீகரித்தது. அதே எல் வேத் இப்போது அல்ஜீரியாவின் உருளைக்கிழங்குக் களஞ்சியம், மணலில் வட்ட வட்டமாகத் தெளிப்பான்கள்.

---

உப்புக்கரை

எகிப்தின் சீவாவும் அதே கதைதான், உப்பு வடிவத்தில். சீவா கடல்மட்டத்துக்குச் சுமார் 18 மீட்டர் கீழே இருக்கும் பள்ளம். உள்ளே வரும் தண்ணீருக்கு வெளியே போக வழியே கிடையாது, ஆவியாகத்தான் வேண்டும். பழைய ஊற்றுகள் ஓடியவரை ஒரு சமநிலை இருந்தது. 1980-களுக்குப் பிறகு நூற்றுக்கணக்கில் கிணறு வெட்டினார்கள். நல்ல ஊற்று அழுத்தம், பம்புகூட வேண்டாம், ராத்திரி பகலாகத் தானாக ஓடும். மூடுவதற்கு வால்வு வைக்கவில்லை. வடிந்த தண்ணீர் உப்பு ஏரிகளை வீங்கவைத்து, ஓரத்துத் தோப்புகளை மூழ்கடித்தது. ஒலிவ மரம் அரை உயரத்துக்கு உப்புப் பூத்து நிற்கும் படத்தைப் பார்த்தால் பனி பெய்த மாதிரி இருக்கும்.

ஆக, வால்வு என்ற சாமானுக்குப் பைப்லைன் தம்பி பெருமைப்படலாம். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

---

பைப்லைன்

நன்றி சார். பதினோரு வருடத்தில் முதல் பாராட்டு.

---

சுவர்க்கோழி

எல்லாரும் தண்ணீரையே பேசுகிறீர்கள், நிலத்துக்கு வருகிறேன். துனீசியாவில் ஜெம்னா என்ற ஊர். காலனிக் காலத்தில் ஊராரிடமிருந்து பறிக்கப்பட்ட பேரீச்சந்தோப்பு, சுதந்திரத்துக்குப் பிறகு அரசுக்குப் போய், பின்பு தனியாருக்குக் குத்தகைக்குப் போனது. 2011 புரட்சி நேரத்தில் ஊரார் உள்ளே புகுந்து தோப்பைத் தங்கள் கையில் எடுத்தார்கள். ஒரு சங்கம் வைத்து நடத்தினார்கள். அறுவடைப் பணத்தில் பள்ளி வகுப்பறை, ஆம்புலன்ஸ், சந்தைக்கூடம். அரசுக்கு இது பிடிக்கவில்லை, சட்டப்படி அரசு நிலம் என்று நெடுநாள் இழுபறி.

எனக்கு முக்கியமாகப் படுவது: குத்தகைக்காரருக்குக் குத்தகை முடியும் தேதி தெரியும். அதற்குப் பிறகு அந்த மரம் என்ன ஆனால் அவருக்கென்ன?

---

தென்றல்மு

ஜெம்னாவுக்கும் ஒரு 'ஆனால்' போடுகிறேன், கோபிக்க வேண்டாம். அந்தப் பகுதி முழுக்க 'டெக்லெட் நூர்' என்ற ஒரே ரகம். ஏற்றுமதிக்கு விலை போகிறது என்று மற்ற ரகங்களை வெட்டினார்கள். பழைய சோலையில் மூன்று அடுக்கு: மேலே பேரீச்சை, அதன் நிழலில் மாதுளை, அத்தி, பாதாமி, தரையில் காய்கறி, பார்லி. ஒரே தண்ணீர் மூன்று அறுவடை கொடுக்கும். தோப்புக்குள் கால் வைத்தவுடன் காற்று மாறுவது தோலில் தெரியும். புதுத் தோட்டங்களில் வரிசை வரிசையாகப் பேரீச்சை மட்டும், நடுவே வெறும் மணல். அதே தண்ணீரில் ஒரே அறுவடை. ஒரு நோய் நுழைந்தால் மொத்தமும் போகும். மொராக்கோவில் 'பாயூத்' என்ற பூஞ்சை நோய் ஒரு நூற்றாண்டில் ஒரு கோடி மரத்துக்கு மேல் கொன்றது.

---

கணக்குப்பிள்ளை

சரி, உச்சவரம்பு போய்விட்டது என்று தென்றல் சொன்னார். இயற்கை வைத்திருந்த வரம்பு போனால் மனிதர்தான் வைக்க வேண்டும். எங்காவது வைத்து வேலை செய்திருக்கிறதா?

எனக்குத் தெரிந்து ஒன்று, சீனாவின் கான்சுவில் மின்சின். இரண்டு பாலைவனங்களுக்கு நடுவே ஒரு நாக்கு மாதிரி நீண்டிருக்கும் சோலை. மேலே ஆற்றை மறித்ததால் கடைசியில் இருந்த சிங்டு ஏரி 1950-களின் இறுதியில் வற்றியது. மக்கள் கிணறு வெட்டினார்கள், நீர்மட்டம் சரிந்தது, மணல் உள்ளே வந்தது. 2007-ல் ஆற்றுப்படுகை முழுவதற்கும் ஒரு திட்டம் போட்டு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகளை மூடினார்கள். மிச்சக் கிணற்றுக்கு அட்டை தேய்த்தால்தான் மோட்டார் ஓடும், ஒதுக்கீடு தீர்ந்தால் நின்றுவிடும். பயிர் நிலத்தையும் ஆளுக்கு இவ்வளவு என்று சுருக்கினார்கள். 2010 முதல் ஏரிக்குத் தண்ணீர் விட்டு, இப்போது அங்கே நாணலும் பறவையும்.

---

சுவர்க்கோழி

கிணற்றை மூடினால் அந்தக் குடும்பம் எங்கே போனது என்பதையும் எழுதுங்கள். நிறையப் பேர் ஊரை விட்டே போனார்கள். மேலிருந்து வரும் உத்தரவு வேகமாக வேலை செய்யும், யார் தலையில் விழுகிறது என்று பார்க்காது. மொராக்கோவின் ஃபிகீக் சோலையில் 2023 இறுதியில் நடந்ததைப் பாருங்கள். குடிநீர் நிர்வாகத்தை நகராட்சியிடமிருந்து ஒரு வட்டார நிறுவனத்துக்கு மாற்றப்போகிறோம் என்றதும், பெண்கள் ஹாயிக் என்ற வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மாதக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். தண்ணீர் கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

---

பாலைக்காற்று

ஓமானில் வரம்பு சட்டத்திலேயே இருக்கிறது. ஃபலஜின் தாய்க்கிணற்றிலிருந்து மூன்றரை கிலோமீட்டருக்குள் இஷ்டப்படி கிணறு வெட்ட முடியாது. மகனிடம் இதைச் சொன்னேன். 'வயல் அந்த வட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறது, விண்ணப்பம் போட்டிருக்கிறேன்' என்கிறார். விவரமானவர்தான். அப்பாவை எதிர்த்துச் செய்கிறார் என்றும் சொல்ல மாட்டேன். தோப்பைக் கவனிக்கும் வங்காளதேசத்துக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது அவர்தான், பேரீச்சம்பழத்தில் வரும் வருமானம் அதற்கே போதவில்லை. வயலில் குதிரைமசால் இருந்தால் அந்தச் சம்பளமாவது வந்துவிடும் என்பது அவர் கணக்கு. இதை இத்தனை நாள் நான் கேட்கவே இல்லை, இழையைத் தொடங்கியபோது பிடிவாதக்கார மகன் என்றுதான் நினைத்திருந்தேன்.

---

பைப்லைன்

அண்ணா, அவரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள். கிணறு வேண்டாம். தண்ணீர் தோப்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்னத் தொட்டி கட்டச் சொல்லுங்கள், ராத்திரி முறைத் தண்ணீர் அதில் சேரட்டும். பகலில் குழாயில் மரத்துக்கு விடலாம், குளிர்காலத்தில் ஒரு முறை வெள்ளமாகப் பாய்ச்சி உப்புச் சார் சொன்ன கழுவலும் செய்துகொள்ளலாம். தண்ணீர்ப் பங்கு அதிகமாகாது, அதனால் வக்கீலுக்கும் ஆட்சேபம் இருக்காது. முக்கியமாக, ராத்திரி இரண்டரை மணிக்கு ஒருவரை எழுப்ப வேண்டியதில்லை. ஒரே ஆள் ஆறு தோப்பு பார்க்கலாம், சம்பளம் பங்காகிவிடும். மிச்சமாகும் தண்ணீரில் வயல் போடுவதா வேண்டாமா என்பதை மட்டும் பெரியவர் முடிவுக்கு விட்டுவிடுங்கள்.

---

உப்புக்கரை

ஆட்கள் மாறுகிறார்கள்!

---

வெட்டுக்கிளி77

இரண்டு வாரமாக இழை அமைதியாக இருக்கிறது. பாலைக்காற்று, அந்தக் கடைசி வயல் என்ன ஆயிற்று? விண்ணப்பத்துக்குப் பதில் வந்ததா?

---

பாலைக்காற்று

பதில் வரவில்லை. தொட்டி யோசனையை மகனிடம் சொன்னேன், செலவு எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கிறார். பெரியவரிடமும் சொன்னேன். தொட்டி கட்டினால் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும், மரத்துக்குப் பிடிக்காது என்கிறார். அது எந்த அளவுக்கு உண்மை என்று உப்புக்கரைதான் சொல்ல வேண்டும்.

வயல் அப்படியேதான் கிடக்கிறது. போன வருடத்துக் குதிரைமசால் கட்டை இரண்டொரு இடத்தில் தானாகத் துளிர்த்திருக்கிறது. காலையில் பார்த்தேன், யாரோ அதில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.